போரைச் சுமந்த லாரிகள்

எண்பது வயதான ராணுவச் சரக்கு லாரிகள் இன்றும் சாலையில் ஓடுகின்றன. அவற்றை ஓட வைப்பவர்கள் யார்? எப்படி ஓட வைக்கிறார்கள்?

1944 ஆகஸ்ட் மாதக் கடைசி. நார்மண்டிக் கடற்கரையில் நேச நாட்டுப் படைகள் இறங்கி இரண்டரை மாதங்கள் ஆகியிருந்தன. ஜெர்மானியப் படை பின்வாங்கியது. அமெரிக்க டாங்கிகள் யாரும் எதிர்பாராத வேகத்தில் பிரான்ஸின் குறுக்கே கிழக்கு நோக்கிப் பாய்ந்தன. அந்த வேகமே பெரிய சிக்கலானது. டாங்கிகளைத் துரத்திக்கொண்டு பெட்ரோல் போய்ச் சேர முடியவில்லை. எதிரிக்குப் பயன்படக் கூடாது என்று நேச நாட்டு விமானங்களே முன்பு குண்டு போட்டதில் ரயில் பாதைகள் சிதைந்து கிடந்தன. பெட்ரோலும் வெடிமருந்தும் உணவும் கடற்கரையில் குவிந்திருந்தன. அவை வேண்டியவர்களோ நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தார்கள்.

மிச்சமிருந்த வழி லாரிதான். ஆகஸ்ட் 25 அன்று 'ரெட் பால் எக்ஸ்பிரஸ்' என்ற பெயரில் லாரித் தொடர் ஒன்று புறப்பட்டது. போவதற்கு ஒரு சாலை, திரும்புவதற்கு இன்னொன்று. இரண்டிலும் பொதுமக்கள் வண்டிகளுக்கு இடமில்லை. இரவும் பகலும் ஓட்டம். இரண்டரை டன் ஏற்ற வேண்டிய வண்டியில் அதைப் போல் இரண்டு மடங்கு ஏற்றினார்கள். ஒரு கட்டத்தில் 5,958 வண்டிகள் ஓடின. நவம்பர் 16-ல் முடித்துக்கொள்ளும் வரை, 83 நாட்களில் 4 லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட சரக்கு போர்முனைக்குப் போய்ச் சேர்ந்தது.

ஓட்டுநர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் கறுப்பினத்தவர். அன்றைய அமெரிக்க ராணுவம் அவர்களைத் தனிப் படைப்பிரிவுகளில் ஒதுக்கி வைத்திருந்தது. சண்டையிடும் தகுதி இல்லை என்று சொல்லி, பெரும்பாலானவர்களைச் சரக்கு ஏற்றவும் இறக்கவும் ஓட்டவும் அனுப்பியது. கடைசியில் அவர்கள் ஓட்டிய லாரிகள் நின்றிருந்தால் டாங்கிகளும் நின்றிருக்கும். அந்தப் பாகுபாட்டுக்கு முடிவுகட்டும் உத்தரவில் அதிபர் ட்ரூமன் கையெழுத்திட்டது 1948 ஜூலையில்தான்.

போரை வழிநடத்திய தளபதி ஐசன்ஹோவர், பின்னாளில் எழுதிய நினைவு நூலில் வெற்றிக்குப் பெரிதும் உதவிய சாதனங்களைக் குறிப்பிடும்போது, இரண்டரை டன் லாரி, ஜீப், புல்டோசர், சி-47 சரக்கு விமானம் ஆகியவற்றைச் சொல்கிறார். இவற்றில் எதுவுமே சண்டைக்கென்று செய்யப்பட்டதல்ல என்பதையும் சுட்டிக்காட்டுகிறார்.

இத்தனை பெருமைக்குரிய லாரியை அருங்காட்சியகங்கள் பெரிதாகக் கொண்டாடியதில்லை. கூட்டம் டாங்கியைச் சுற்றித்தான் நிற்கும். லாரியைக் காப்பாற்றியவர்கள் விவசாயிகள், மெக்கானிக்குகள், பள்ளி ஆசிரியர்கள், ஓய்வுபெற்ற சிப்பாய்கள், அப்பாவின் போர்க்காலப் புகைப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதே மாதிரி வண்டியைத் தேடி அலைந்த பிள்ளைகள். சொந்தப் பணத்திலும் சொந்த நேரத்திலும் அவர்கள் செய்துவரும் வேலையைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை.

ஐந்தரை லட்சம் 'ஜிம்மி'கள்

ரெட் பால் பாதையில் அதிகம் ஓடியது ஜிஎம்சி நிறுவனத்தின் சிசிகேடபிள்யூ என்ற லாரி. ஓட்டியவர்கள் செல்லமாக 'ஜிம்மி' என்றார்கள். 1941 முதல் 1945 வரை, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள பாண்டியாக் தொழிற்சாலையிலும் செயின்ட் லூயிஸிலும் சேர்த்து இந்தக் குடும்பத்தில் ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் உருவாயின.

முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் இரண்டு அச்சுகளில் இரட்டை டயர்கள். மூன்று அச்சுகளுக்கும் இன்ஜின் சக்தி போகும். 4.4 லிட்டர் கொள்ளளவுள்ள ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின், 104 குதிரை சக்தி. இன்றைய நடுத்தரக் கார் ஒன்று தரும் சக்திதான் அது. ஆனால் ஐந்து கியர், அதற்குப் பின்னால் ஹை, லோ என்று இரண்டு நிலை கொண்ட டிரான்ஸ்ஃபர் கேஸ் என்று அமைத்து, அந்தச் சக்தியைச் சேற்றிலும் மணலிலும் இழுக்கும் வலுவாக மாற்றியிருந்தார்கள். உச்ச வேகம் மணிக்கு 72 கிலோமீட்டர். 150 லிட்டர் டேங்க்கை நிரப்பினால் ஏறத்தாழ 480 கிலோமீட்டர் போகும்.

போர் நீள நீள, வண்டியும் மாறியது. முதலில் வந்தவற்றுக்குக் கதவும் கூரையும் உள்ள இரும்புக் கேபின். பிறகு இரும்பை மிச்சப்படுத்தவும், கப்பலில் குறைந்த இடத்தில் அடுக்கவும் கேபின் கூரை கித்தான் துணியானது. பின்பக்கச் சரக்குத் தொட்டியும் இரும்பிலிருந்து மரத்துக்கு மாறியது. இன்று ஒரு வண்டியின் கேபினையும் தொட்டியையும் பார்த்தே அது போரின் எந்தக் கட்டத்தில் பிறந்தது என்று அனுபவசாலிகள் சொல்லிவிடுவார்கள்.

இந்த லாரிகள் இன்றும் உயிரோடு இருப்பதற்கு முக்கியக் காரணம், பழுதாகும் என்று தெரிந்தே அவற்றை வடிவமைத்தார்கள் என்பதுதான். குண்டு விழும் இடத்தில், மழையில், மெழுகுத்துணிக்கு அடியில், அனுபவமில்லாத இருபது வயதுப் பையன் சாதாரண ஸ்பானர்களை வைத்துக்கொண்டு கழற்றி மாட்ட வேண்டும் என்பது நிபந்தனை. ஒரு வண்டியின் ரேடியேட்டரை இன்னொன்றில் அப்படியே பொருத்தலாம். உடைந்த இரண்டு வண்டிகளிலிருந்து ஓடுகிற ஒன்றைத் தேற்றலாம். எண்பது ஆண்டுகளுக்குப் பிறகு வீட்டுக் கொட்டகையில் தனியாக வேலை செய்யும் ஒருவருக்கும் அதே வசதி கிடைக்கிறது.

போருக்குப் பின் கிடைத்த வேலை

போர் முடிந்ததும் இத்தனை லட்சம் வண்டிகளையும் திருப்பிக் கொண்டுபோவது அமெரிக்காவுக்குக் கட்டுப்படியாகவில்லை. ஏராளமானவற்றை ஐரோப்பாவிலேயே விட்டுச் சென்றது. பிரெஞ்சு ராணுவம் ஆயிரக்கணக்கில் எடுத்து, பழுதுபார்த்து, பல ஆண்டுகள் ஓட்டியது. தனியார் கைக்குப் போனவை காட்டு மரம் இழுத்தன, பண்ணைகளில் உழைத்தன, பழுதான கார்களைக் கட்டி இழுக்கும் கிரேன் வண்டிகளாயின. சண்டையில் தப்பிய லாரியைச் சமாதான காலத்தின் கடும் உழைப்புதான் தேய்த்தது.

ஆனால் அந்த உழைப்பே அவற்றைக் காப்பாற்றவும் செய்தது. வேலை செய்கிற வண்டியை யாரும் உருக்கு உலைக்கு அனுப்பமாட்டார்கள். 1970களில் அவை ஓய்வுபெறத் தொடங்கியபோது, அவற்றின் மதிப்பை உணர்ந்தவர்கள் அமைப்புகளாகத் திரண்டார்கள். அமெரிக்காவில் எம்விபிஏ எனப்படும் ராணுவ வாகனப் பாதுகாப்புச் சங்கம் 1976-ல் உருவானது. பிரிட்டனில் அதற்கு முன்பே, 1968-ல் இதே நோக்கத்தோடு ஒரு குழு தொடங்கியது.

வண்டி யார் என்று கண்டுபிடிப்பது

பழைய லாரியை வாங்கிக் கொட்டகைக்குக் கொண்டுவந்தவுடன் செய்யும் முதல் வேலை, அந்த வண்டியை அடையாளம் காண்பது. டாஷ்போர்டில் திருகியிருக்கும் உலோகத் தகட்டில் மாடலும் வரிசை எண்ணும் ராணுவத்திடம் ஒப்படைத்த தேதியும் இருக்கும். தகடு தொலைந்துபோயிருந்தால் சேஸிஸில் அடித்திருக்கும் எண்ணைத் தேட வேண்டும்.

அடுத்தது பானெட். ராணுவப் பதிவு எண் அதன் பக்கவாட்டில் எழுதப்பட்டிருக்கும். அமெரிக்க ராணுவத்தின் இரண்டரை டன் லாரிகளுக்கு அந்த எண் 4 என்று தொடங்கும். ஆனால் அதன் மேல் எத்தனையோ பூச்சுகள் ஏறியிருக்கும். நுண்ணிய உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, ஒரு நேரத்தில் ஒரு பூச்சுக்கு மேல் போகாமல், மெல்ல மெல்லத் தேய்ப்பார்கள். பண்ணைக்காரர் அடித்த சிவப்பு போகும். பிரெஞ்சு ராணுவத்தின் பச்சை போகும். அதற்கும் கீழே ஒளிராத ஆலிவ் பச்சை, அதன் மேல் வெள்ளை எழுத்தின் ஒரு ஓரம் தெரியும். பம்பரைத் தேய்த்தால் வண்டி எந்தப் படைப்பிரிவைச் சேர்ந்தது என்ற குறியீடு சில நேரம் வெளிப்படும். அவசரப்பட்டு முழு வண்டியையும் மணல் வீசிச் சுத்தம் செய்தால் இந்தத் தடயங்கள் அத்தனையும் அரை மணி நேரத்தில் போய்விடும். அதனால்தான் அனுபவசாலிகள் புதியவர்களிடம் முதலில் சொல்வது, பெயின்ட்டைத் தொடாதே என்பது.

அதன் பிறகே பிரிக்கும் வேலை. சரக்குத் தொட்டி, கேபின், இன்ஜின், கியர் பாக்ஸ், அச்சுகள் என்று ஒவ்வொன்றாக இறங்கும். நிர்வாணமாக நிற்கும் சேஸிஸில் விரிசல் இருக்கிறதா, ரிவெட்டுகள் ஆடுகின்றனவா என்று பார்க்க வேண்டும். கமான் பட்டைகளைப் பிரித்து, இடையில் ஏறிய துருவைச் சுரண்டி, கிரீஸ் தடவி மறுபடி கட்ட வேண்டும். பல ஆண்டு நின்ற இன்ஜின் இறுகிப் பிடித்திருக்கும். பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டர்களுக்குள் எண்ணெய் ஊற்றி, நாட்கணக்கில் ஊறவிட்டு, பிறகு கையால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுழற்றிப் பார்ப்பார்கள். முரட்டுத்தனமாகத் திருகினால் பிஸ்டன் ரிங் உடையும். தண்ணீர் ஓடும் வழிகளில் சேறாகப் படிந்த துருவை வெளியேற்றாமல் இன்ஜினைப் பூட்டினால், முதல் மேட்டிலேயே சூடேறி நின்றுவிடும்.

மின்சாரம் இன்னொரு பாடம். இந்த லாரி 6 வோல்ட்டில் ஓடுவது. 12 வோல்ட் வண்டியோடு ஒப்பிட்டால் அதே வேலைக்கு இருமடங்கு மின்னோட்டம் தேவை. மெல்லிய பேட்டரி கேபிளும் துருப்பிடித்த எர்த் இணைப்பும் இருந்தால் செல்ஃப் மோட்டார் முனகும், இன்ஜின் பிடிக்காது. பலர் இதைத் தெரிந்துகொள்ளாமல் 12 வோல்ட்டுக்கு மாற்றிவிடுகிறார்கள். தடித்த கேபிளும் சுத்தமான எர்த்தும் கொடுத்தால் 6 வோல்ட்டே போதும்.

உதிரி பாகம் வாங்குவதிலும் நுணுக்கம் உண்டு. இந்த லாரிகளில் இரண்டு வகை அச்சுகள் வந்தன. ஒன்றில் டிஃபரன்ஷியல் உறை நடுவில் இரண்டாகப் பிரியும். இன்னொன்று பாஞ்சோ வாத்தியம் போல் வட்ட வடிவில் ஒரே துண்டாக இருக்கும். ஒன்றின் பாகங்கள் மற்றொன்றுக்குப் பொருந்தாது. வண்டிக்கு அடியில் குனிந்து பார்க்காமல் பாகம் வாங்கினால் பணம் வீண்.

பெயின்ட் கடைசி வேலை. இங்கேதான் ஆர்வலர்களுக்குள் பெரிய விவாதமே. தொழிற்சாலையிலிருந்து வந்த நாளில் இருந்ததுபோல் திருகாணி வரை புதிதாக்க வேண்டும் என்பது ஒரு சாரார் கட்சி. ஓட்டத்துக்கும் பாதுகாப்புக்கும் தேவையானதை மட்டும் சரிசெய்து, பழைய பெயின்ட்டையும் அடிபட்ட தழும்புகளையும் அப்படியே விட வேண்டும் என்பது மற்றவர்கள் வாதம். பழைய பூச்சு நல்ல நிலையில் மிஞ்சியிருக்கிற வண்டிக்கு இரண்டாவது வழியே சரி. புதுப் பெயின்ட்டை எப்போது வேண்டுமானாலும் அடிக்கலாம். 1944-ல் ஒரு சிப்பாய் கையால் எழுதிய எண்ணை அழித்துவிட்டால் திரும்பப் பெறவே முடியாது.

கையேடு என்ற சொத்து

வண்டியோடு ராணுவம் இன்னொன்றையும் தயாரித்தது: புத்தகம். ஜிஎம்சி லாரிக்கான டிஎம் 9-801 என்ற கையேடு, ஓட்டுநரும் அவருடைய பிரிவின் மெக்கானிக்குகளும் செய்ய வேண்டியவற்றைப் படத்தோடு வரிசையாகச் சொல்கிறது. எண்ணெய், கிரீஸ் வைப்பதற்கென்றே தனி வரைபடம் உண்டு. எந்த நிப்பிளுக்கு எந்த கிரீஸ், எத்தனை மைலுக்கு ஒரு முறை என்று அதில் குறித்திருப்பார்கள்.

அதில் என்னை மிகவும் கவர்ந்தது, ஓட்டுநருக்கான நான்கு வேளைச் சோதனை. கிளம்பும் முன் ஒன்று, ஓடும்போது ஒன்று, வழியில் நிறுத்தும்போது ஒன்று, பயணம் முடிந்ததும் ஒன்று. வழியில் நிறுத்தினால் டீ குடிக்கப் போவதற்கு முன், ஒவ்வொரு சக்கரத்தின் ஹப்பையும் பிரேக் டிரம்மையும் கையால் எச்சரிக்கையாகத் தொட்டுப் பார்க்க வேண்டும். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட அதிகம் சுட்டால் அங்கே பேரிங் இறுகுகிறது, அல்லது பிரேக் பிடித்துக்கொண்டு விடவில்லை. கருவி எதுவும் வேண்டாம், கை போதும். இன்றைய ஆர்வலர்களும் இதை அப்படியே பின்பற்றுகிறார்கள். நம் நெடுஞ்சாலைகளில் ஓடும் எந்த லாரிக்கும் இது பொருந்தும்.

படிக்கப் பொறுமையில்லாத சிப்பாய்களுக்குப் பராமரிப்பைச் சொல்லிக்கொடுக்க அமெரிக்க ராணுவம் சித்திரக்கதையைக் கையிலெடுத்தது. பின்னாளில் கிராஃபிக் நாவலின் முன்னோடி எனப் புகழ்பெற்ற ஓவியர் வில் ஐஸ்னர், போர்க்காலத்தில் 'ஆர்மி மோட்டார்ஸ்' இதழில் ஜோ டோப் என்ற பொறுப்பில்லாத சிப்பாய்ப் பாத்திரத்தை வரைந்தார். அவன் எண்ணெய் பார்க்கமாட்டான், நட்டை முடுக்கமாட்டான், ஒவ்வொரு முறையும் வண்டி பழிவாங்கும். 1951-ல் தொடங்கிய 'பிஎஸ்' என்ற பராமரிப்பு மாத இதழிலும் ஐஸ்னர் இருபது ஆண்டுகள் வரைந்தார். அந்தப் பழைய இதழ்கள் இன்று வாகன ஆர்வலர்களின் பட்டறை அலமாரியில் ஸ்பானருக்குப் பக்கத்தில் இருக்கின்றன.

எந்த எண்ணெயையும் குடிக்கும் இன்ஜின்

ஜிம்மிக்குப் பின் வந்தது எம்35. ரியோ நிறுவனம் வடிவமைத்த இது 1950 வாக்கில் சேவைக்கு வந்து, வியட்நாம் போரின் முதுகெலும்பாகி, இருபதாம் நூற்றாண்டின் இறுதி வரை ஓடியது. இன்று புதிதாக இந்தப் பொழுதுபோக்குக்கு வருகிறவர்களில் பலர் தொடங்குவது இதில்தான். ராணுவம் பெருமளவில் ஏலம் விட்டதால் விலை எட்டக்கூடியதாக இருந்தது, பாகங்களும் தாராளமாகக் கிடைத்தன.

இதன் எம்35ஏ2 வகையில் உள்ள 7.8 லிட்டர் இன்ஜின் பல வகை எரிபொருளில் ஓடக்கூடியது. டீசல், மண்ணெண்ணெய், விமான எரிபொருள், அவசரத்துக்குப் பெட்ரோல்கூடப் போடலாம். போர்க்களத்தில் எது கிடைக்கும் என்று சொல்ல முடியாது என்பதால் வந்த ஏற்பாடு. ஜெர்மனியின் மான் நிறுவனம் உருவாக்கிய முறையில், பிஸ்டனின் தலையில் உள்ள உருண்டைக் குழிக்குள் எரிபொருள் எரிகிறது. சில வண்டிகளின் டர்போசார்ஜர் எழுப்பும் கூர்மையான விசில் ஒலி தொலைவிலேயே அடையாளம் காட்டிவிடும்.

ஆனால் எம்35 வைத்திருப்பவர் ஒரு குறையை மறக்கவே கூடாது. பழைய வண்டிகளில் ஆறு சக்கரங்களின் பிரேக்குக்கும் ஒரே எண்ணெய்ச் சுற்றுதான். காற்றழுத்த உதவி இருந்தாலும், ஒரு குழாய் வெடித்தால் மொத்த பிரேக்கும் போகும். வெறும் வண்டியே ஏறத்தாழ 6 டன் எடை. அதனால் பொறுப்புள்ள உரிமையாளர்கள் ரப்பர் ஹோஸ்களையும் வீல் சிலிண்டர்களையும் வாங்கிய உடனே மாற்றிவிடுவார்கள். சிலர் சுற்றை இரண்டாகப் பிரித்து அமைப்பார்கள். இந்த இடத்தில் அசல் தன்மையை விட்டுக்கொடுப்பது தவறே இல்லை. தெருவில் நடப்பவரின் உயிர் எந்த வரலாற்றுத் துல்லியத்தையும்விடப் பெரியது.

அதேபோல ரிம். இந்த லாரிகளின் டயரை ஒரு லாக் ரிங்தான் பிடித்து வைத்திருக்கிறது. ரிங் சரியாக உட்காராமல் காற்றடித்தால் அது பறந்து வந்து ஆளைக் கொல்லும். நம் ஊர் பஞ்சர் கடைக்காரர்களுக்கு இந்த ஆபத்து நன்றாகத் தெரியும். இரும்புக் கூண்டுக்குள் சக்கரத்தை வைத்து, எட்ட நின்று காற்றடிப்பதே முறை.

வாங்கும் முன் ஐந்து கேள்விகள்

1. ஆவணம் இருக்கிறதா? சேஸிஸ் எண்ணும் ஆவணத்தில் உள்ள எண்ணும் பொருந்துகின்றனவா? பொருந்தாவிட்டால் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

2. வண்டி முழுமையாக இருக்கிறதா? ஓடாத முழு வண்டி, பாதிப் பாகங்கள் தொலைந்த ஓடுகிற வண்டியைவிட மேல். சின்னச் சின்னத் தகடுகளும் விளக்குகளும் தேடிக் கிடைப்பதுதான் கடினம்.

3. சேஸிஸ் நேராக இருக்கிறதா? இன்ஜினை மாற்றலாம். முறுக்கிய சேஸிஸைச் சரிசெய்வது பெரும்பாடு.

4. நிறுத்த இடம் உண்டா? ஏறத்தாழ ஏழு மீட்டர் நீள வண்டிக்குக் கூரையுள்ள இடம் வேண்டும். மழையில் நிற்கும் வண்டியை எத்தனை முறை சரிசெய்தாலும் பயனில்லை.

5. கூட்டாளிகள் உண்டா? இந்த எடையுள்ள பாகங்களைத் தனியாகத் தூக்கக் கூடாது. தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் செலவும் காயமும் பாதியாகும்.

ஓடினால்தான் உயிர்

நிறுத்திவைத்த லாரி மெல்லச் சாகும். சீல்கள் காய்ந்து எண்ணெய் கசியும். பிரேக் சிலிண்டர்கள் துருப்பிடிக்கும். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் ஈரத்தை இழுத்து டேங்கையும் கார்புரேட்டரையும் அரிக்கும். அதனால் மாதம் ஒரு முறையாவது இன்ஜினும் அச்சுகளும் நன்றாகச் சூடாகும் வரை சாலையில் ஓட்ட வேண்டும். நின்ற இடத்தில் ஐந்து நிமிடம் இன்ஜினை உறுமவிடுவது நல்லதைவிடக் கெடுதலே அதிகம் செய்யும். உள்ளே படியும் ஈரம் ஆவியாகும் அளவுக்கு அதில் சூடு வராது.

ஓட்டுவதும் ஒரு கலை. பழைய கியர் பாக்ஸுக்கு டபுள் கிளட்ச் வேண்டும். கிளட்சை மிதித்து நியூட்ரல், விட்டு ஆக்சிலரேட்டர், மறுபடி மிதித்து கியர். நம் பழைய லாரி டிரைவர்களுக்குக் கைவந்த இந்த வித்தையை இன்றைய தலைமுறையில் காப்பாற்றி வைத்திருப்பவர்களில் இந்த ஆர்வலர்களும் உண்டு.

ஓட்டுவதற்கான பெரிய சந்தர்ப்பங்கள் அணிவகுப்புப் பயணங்கள். ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதம் நார்மண்டியின் கிராமச் சாலைகள் பல நாடுகளிலிருந்து வந்த ஜிம்மிகளாலும் ஜீப்புகளாலும் நிரம்புகின்றன. அமெரிக்காவில் இன்னும் பழைய பயணம் ஒன்றை மீண்டும் நிகழ்த்தினார்கள். 1919 ஜூலை 7 அன்று வாஷிங்டனிலிருந்து ராணுவ லாரித் தொடர் ஒன்று புறப்பட்டது. கண்டத்தைக் கடந்து சான் ஃபிரான்சிஸ்கோ சேர 62 நாட்கள் பிடித்தன. வழியில் மரப்பாலங்கள் உடைந்தன, சேற்றில் வண்டிகள் புதைந்தன. பார்வையாளராக உடன் போன இளம் அதிகாரி ஐசன்ஹோவர் அந்தச் சாலைகளின் அவலத்தை மறக்கவில்லை. 1956-ல் அதிபராக நாடு தழுவிய நெடுஞ்சாலைச் சட்டத்தில் கையெழுத்திட்டவர் அவரே. 2009-லும், நூற்றாண்டையொட்டி 2019-லும் எம்விபிஏ உறுப்பினர்கள் தங்கள் பழைய வண்டிகளில் கண்டத்தைக் கடந்தார்கள்.

இது போரைக் கொண்டாடுவதாகாதா என்ற கேள்வி எழுவது நியாயம். ஆயுதத்தின் மேல் உள்ள மயக்கத்தில் வருகிறவர்களும் இருக்கிறார்கள் என்பதை மறுக்க முடியாது. ஆனால் சரக்கு லாரியைத் தேர்ந்தெடுப்பவரின் கவனம் பெரும்பாலும் வேறு திசையில் போகிறது. இந்த வண்டியில் ஏறியது சோறும் மருந்தும் எரிபொருளும், திரும்பும்போது காயம்பட்டவர்களும் கைதிகளும். அதைச் சரிசெய்யத் தொடங்குகிறவர், அதை ஓட்டிய கறுப்பின இளைஞர்கள் யார், அவர்களை எப்படி நடத்தினார்கள் என்ற கதைக்கும் வந்து சேர்கிறார். பதக்கம் கிடைக்காதவர்களின் உழைப்பை நினைவுபடுத்த இதைவிட நல்ல சாட்சி இல்லை.

நம் நாட்டில்?

இந்தியாவுக்கும் இந்த லாரிகளுக்கும் நேரடி உறவு உண்டு. அஸ்ஸாமின் லீடோவில் தொடங்கி, பர்மாக் காடுகளைக் கடந்து சீனாவுக்குப் போன சாலை இரண்டாம் உலகப்போரின் மாபெரும் கட்டுமானங்களில் ஒன்று. 1945 ஜனவரி 12 அன்று லீடோவிலிருந்து கிளம்பிய முதல் வாகனத் தொடரில் 113 வண்டிகள். பிப்ரவரி 4 அன்று அது சீனாவின் குன்மிங் நகரை அடைந்தது. அமெரிக்க இரண்டரை டன் லாரிகள் அந்தச் சாலையில் உழைத்தன.

சுதந்திர இந்தியா தனக்கென ஒரு ராணுவ லாரியைச் செய்துகொண்டது. கிருஷ்ண மேனன் பாதுகாப்பு அமைச்சராக இருந்த காலத்தில், மான் நிறுவனத்தின் உரிமத்தோடு ஜபல்பூரில் பிறந்தது 'சக்திமான்'. 1965 போரிலும் 1971 போரிலும் நம் படைகளுக்குச் சோறும் குண்டும் சுமந்தது. 1990களின் நடுப்பகுதி வரை உற்பத்தியானது. அதன் இடத்துக்கு வந்தவற்றில் நம் அசோக் லேலண்டின் 'ஸ்டாலியன்' முக்கியமானது.

ராணுவ ஏலத்தில் வந்த 'ஜோங்கா' என்ற ஜீப் வகை வண்டிகளைத் தேடி வாங்கிப் பளபளக்க வைக்கும் ஆர்வலர்கள் இந்தியாவில் இருக்கிறார்கள். சக்திமானுக்கு அந்த அதிர்ஷ்டம் அரிது. பூங்காக்களிலும் கல்லூரி வாசல்களிலும் டாங்கிகளுக்கு மேடை கட்டினோம். லாரிகளை எடைக்குப் போட்டோம்.

சட்டமும் துணை நிற்கவில்லை. பிரிட்டனில் 40 வயதைக் கடந்த வண்டிக்குச் சாலை வரி விலக்கு கிடைக்கிறது. ஜெர்மனியிலும் பிரான்ஸிலும் 30 வயதானால் பாரம்பரிய வாகனமாகத் தனிப் பதிவு செய்யலாம். இந்தியாவில் 50 வயதான வாகனங்களுக்காக 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிகள் வரவேற்கத்தக்கவை. ஆனால் அவை இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்களைப் பற்றியே பேசுகின்றன. ராணுவச் சரக்கு லாரியை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை அல்ல.

இரண்டு வேண்டுகோள்கள். முதலாவது அரசுக்கு: பாரம்பரிய வாகன விதிகளில் பழைய சரக்கு லாரிகளையும் சேருங்கள். ராணுவம் கழித்துவிடும் சக்திமான்களில் சிலவற்றையாவது, ஓடும் நிலையில், கையேடுகளோடு, பொறியியல் கல்லூரிகளுக்கும் ஐடிஐகளுக்கும் கொடுங்கள். மாணவர்கள் அவற்றைப் பிரித்துப் பூட்டிக் கற்கட்டும்.

இரண்டாவது வாசகர்களுக்கு: ராணுவத்தின் சர்வீஸ் கோரில் லாரி ஓட்டியவர்களும், ஈஎம்ஈ பிரிவில் அவற்றைப் பழுதுபார்த்தவர்களும் தமிழ்நாட்டின் எத்தனையோ ஊர்களில் ஓய்வில் இருக்கிறார்கள். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ அப்படி ஒருவர் இருந்தால், எந்த வண்டி ஓட்டினார், எந்த மலையில் எப்படி ஏற்றினார், பழுதானபோது என்ன செய்தார் என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். பழைய புகைப்படங்களின் பின்புறம் பெயரையும் ஆண்டையும் எழுதி வையுங்கள். வண்டிக்கு உதிரி பாகம் பிறகும் கிடைக்கலாம். அவர்களுக்குத் தெரிந்ததை அவர்கள் இருக்கும்போதே கேட்டால்தான் கிடைக்கும்.